கன்வர்ஜென்ஸ்: குவிதலா, ஒருங்கலா?

லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் போன்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் சற்று நேரத்தில் ‘கன்வர்ஜென்ஸ்’ வந்துவிடும். கையிலிருக்கும் போனை மானிட்டரில் செருகினால் அதுவே மேசைக்கணினி ஆகிவிட வேண்டும், சுருக்கமாக அவ்வளவுதான். அப்படியொரு போன் இயங்குதளமான உபுண்டு டச்சில் இதைக் கண்ணால் பார்க்கலாம். புளூடூத் மவுஸ் இணைந்ததும், அதுவரை திரை முழுக்கப் பரவிக் கிடந்த செயலி, தலைப்பட்டையும் மூடும் பொத்தானும் முளைத்து ஜன்னலாகச் சுருங்கும். காட்சி மானிட்டருக்குப் போய்விட்டால் போனின் திரை டச்பேடாகிவிடும்.

போனில் எடுத்த படம் லேப்டாப்பிலும் தெரிந்தால் அதையும் சிலர் கன்வர்ஜென்ஸ் என்கிறார்கள். இல்லை, அது ஒத்திசைவு. அங்கே கருவி இரண்டு, இங்கே ஒன்றுதான்.

லத்தீனில் ‘கான்’ என்றால் கூட, ‘வெர்கெரே’ என்றால் சாய்தல். பல பக்கமிருந்து வருபவை ஓரிடம் நோக்கிச் சாய்வது. ஒளியியலிலும் கணிதத்திலும் நெடுநாள் புழங்கிய இச்சொல்லைத் திறமூல உலகில் பரப்பியதில் உபுண்டுவை உருவாக்கும் கனானிக்கல் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2013-இல் உபுண்டு எட்ஜ் என்ற போனுக்காக 3.2 கோடி டாலர் திரட்டப் பார்த்தார்கள், ஏறக்குறைய 1.28 கோடியோடு நின்றுபோனது. 2017 ஏப்ரலில் போன் முயற்சியையே கைவிட்டார்கள். யூபிபோர்ட்ஸ் தன்னார்வலர்கள் அதை எடுத்து வளர்க்க, யூனிட்டி 8 என்ற இடைமுகம் 2020-இல் லோமிரி ஆனது. கேடிஈ என்ற திறமூலக் குழுவின் போன் இடைமுகமான பிளாஸ்மா மொபைலும் இதே வழிதான். அதன் செயலிகள் சின்னத் திரைக்கும் பெரிய திரைக்கும் ஏற்ப வடிவம் மாற உதவும் கட்டமைப்புக்குக் கிரிகாமி என்று பெயர். காகிதத்தை வெட்டி உருவம் செய்யும் ஜப்பானியக் கலையின் பெயர் அது. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, தமிழில்? முதலில் நினைவுக்கு வருவது குவிதல். குவிலென்ஸ் படித்தவர்களுக்கு உடனே புரியும். ஆனால் வினையாக்கிப் பாருங்கள்: ‘குவிந்த கருவிகள்’ என்றால் பழைய போன்களை மூலையில் அள்ளிக் கொட்டியதுபோல இருக்கிறது! ‘ஒருங்கிணைப்பு’ பரவலாக ஓடுகிறது. அதில் எனக்குள்ள சிக்கல், யாரோ ஒருவர் தனித்தனிப் பொருள்களை எடுத்துக் கோத்த வாசனை அதில் அடிக்கிறது; தவிர, இன்டக்ரேஷனுக்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ‘சங்கமம்’ காதுக்கு இனிமை, ஆனால் விழா மேடை ஞாபகம் வந்துவிடுகிறது.

என் ஓட்டு ‘ஒருங்கல்’ என்பதற்கு. ஒருங்கே, ஒருங்கு என்று நாம் தினமும் எழுதும் வேர்தான். கணிதத்திலும் ஒருங்கு தொடர் என்ற வழக்கு இருக்கிறது. சொல்லை வளைக்கவும் வசதி: போனாகவும் கணினியாகவும் நிற்பது ஒருங்கு கருவி, இரண்டு திரைக்கும் பொருந்துவது ஒருங்கு செயலி. மவுஸை இணைத்ததும் ஜன்னலாக மாறும் அந்த நிலைக்கு மட்டும் ‘ஒருங்கல்’ வேண்டாம்; அதை மேசைக்கணினிப் பாங்கு என்றே சொல்லலாம்.