வெளி மாநில வங்கி மேல் ஸ்மால் கிளெய்ம்ஸ் வழக்கு: கலிஃபோர்னியாவில் எப்படிப் போடுவது

என்னுடைய சேமிப்புக் கணக்கை ஒரு வங்கி தானாகவே மூடிவிட்டது. கிளை எதுவும் இல்லாமல் ஆன்லைனில் மட்டும் நடக்கும் வங்கி. மூடியதற்குக் காரணம் சொல்லவில்லை. சரி, அது அவர்கள் உரிமை. ஆனால் மீதியிருந்த 4,180 டாலருக்குச் செக் எழுதி, நான் காலி செய்து இரண்டு வருடமான சன்னிவேல் அபார்ட்மென்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஃப்ரீமாண்ட் முகவரிக்கு மாற்றியதற்கு அவர்களே அனுப்பிய உறுதி ஈமெயில் என்னிடம் இருந்தது. போன் செய்தால் ஒவ்வொரு முறையும் புது ஆள். பிறந்த தேதியிலிருந்து கதையைத் தொடங்க வேண்டும். ஏழாவது போனுக்குப் பிறகுதான், சின்னத் தொகை வழக்குகளுக்கென்றே இருக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் பக்கம் திரும்பினேன்.

நண்பர்களிடம் சொன்னபோது எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "பேங்க் வேற ஸ்டேட்ல இருக்கே, அங்க போய்த்தானே கேஸ் போடணும்?" வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே போடலாம். சிக்கல் வருவது வேறு இடத்தில்: வங்கியின் சரியான பெயரை எழுதுவதிலும், சம்மனை யார் கையில் கொடுப்பது என்பதிலும்.

பெரிய வங்கிகள் ஏன் நாம் கேள்விப்படாத ஊர்களில் முகவரி வைத்திருக்கின்றன என்பதற்கு ஒரு சின்னக் கதை உண்டு. 1978-ல் மார்க்கெட் (Marquette) நேஷனல் பேங்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு நேஷனல் வங்கி (மத்திய அரசிடம் உரிமம் பெற்ற வங்கி) தான் இருக்கும் மாநிலத்து வட்டி விகிதத்தையே மற்ற மாநில வாடிக்கையாளர்களிடமும் வாங்கலாம் என்று சொன்னது. 1980-ல் சவுத் டகோட்டா வட்டிக்கான உச்சவரம்பை எடுத்துவிட்டது. அடுத்த வருடமே சிட்டிபேங்க் தன் கிரெடிட் கார்டு வியாபாரத்தை அங்கே சூ ஃபால்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோனது. வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் சட்டப்படியான முகவரியும் இன்று அதே ஊர்தான், சான் ஃபிரான்சிஸ்கோ அல்ல. சேஸ் வங்கிக்கு ஒஹையோவின் கொலம்பஸ். பேங்க் ஆஃப் அமெரிக்காவுக்கு நார்த் கரோலைனாவின் சார்லட். அதாவது தெருமுனையில் கிளை வைத்திருக்கும் வங்கியும் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் வெளி மாநில வங்கிதான். அதற்காக கலிஃபோர்னியா கோர்ட் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. இங்கே வசிக்கும் உங்களோடு, இங்கே கணக்குத் திறந்து வியாபாரம் செய்த வங்கி, அந்த வியாபாரத்தில் வந்த தகராறுக்கு இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. டெக்சஸில் இருந்தபோது கணக்குத் திறந்து, தகராறும் அங்கேயே நடந்து, அப்புறம் நீங்கள் கலிஃபோர்னியா வந்தீர்கள் என்றால், இங்கே வழக்குப் போடுவது பலவீனமானது. நீங்கள் குடி மாறினீர்கள் என்பதற்காக அதிகாரம் கூடவே வந்துவிடாது.

இப்போது வரம்பு, கட்டணம். கலிஃபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம் (2024 முதல்). கம்பெனியின் பெயரில் என்றால் 6,250. 2,500 டாலருக்கு மேற்பட்ட வழக்கு ஒரு காலண்டர் வருடத்தில் இரண்டுக்கு மேல் போட முடியாது. கட்டணம் 1,500 டாலர் வரை 30, 5,000 வரை 50, அதற்கு மேல் 75 டாலர். வருமானம் குறைந்தவர்கள் எஃப்.டபிள்யூ.-001 படிவம் கொடுத்து விலக்குக் கேட்கலாம். 18 வயது நிரம்பியிருந்தால் போதும். விசா, கிரீன் கார்டு பற்றிய கேள்வியே கிடையாது. எச்1பி-யில் இருப்பவர்கள் "கோர்ட் கேஸ்" என்றதும் மிரண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். இது சிவில் வழக்கு, அதுவும் வழக்குப் போடுபவர் நீங்கள்.

முக்கியமான சலுகை, விசாரணையில் வக்கீல் கிடையாது. உங்களுக்கும் இல்லை, வங்கிக்கும் இல்லை. வங்கி தன் வழக்கமான ஊழியர் ஒருவரை அனுப்ப வேண்டும். ஸ்மால் கிளெய்ம்ஸுக்காகவே ஒருவரை வேலைக்கு வைத்து அனுப்பவும் சட்டம் விடாது. 4,180 டாலருக்காக ஒரு மேனேஜரைத் தயார்செய்து அரை நாள் கோர்ட்டில் உட்கார வைப்பதா, பணத்தைக் கொடுத்துவிடுவதா என்று அவர்கள் கணக்குப் போட்டே ஆக வேண்டும். நம் பலம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

"ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறதே?" என்று கேட்பீர்கள். ஆமாம், பல வங்கிகளின் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் அதே பத்தியில் கொஞ்சம் கீழே போய்ப் படியுங்கள். தனிநபர் தகராறை ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற விலக்குப் பெரும்பாலும் இருக்கும். என் ஒப்பந்தத்தில் அது 31-ஆம் பக்கத்தில் இரண்டு வரியாக இருந்தது. அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து மஞ்சள் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்குக்கு முன் பணத்தைக் கேட்டிருக்க வேண்டும். படிவத்திலேயே அதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. போனில் கேட்டதும் கணக்கில் சேரும் என்றாலும், கடிதமே நல்லது. என்ன நடந்தது, எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதிக்குள், தராவிட்டால் எந்தக் கவுன்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வழக்கு என்று ஒரே பக்கம் போதும். கோபத்தை அதில் கொட்டாதீர்கள், நாளைக்கு நீதிபதி படிக்கப்போகும் தாள் அது. அதை வங்கியின் தலைமையகத்துக்குச் சர்ட்டிஃபைடு மெயிலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நேஷனல் வங்கி என்றால் அதை மேற்பார்க்கும் ஓ.சி.சி. அலுவலகத்திலும் புகார் செய்யலாம். ஊரில் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் எழுதிப்போடுவது போலத்தான். செலவில்லை, சில சமயம் அதிலேயே காரியம் முடிந்துவிடும்.

அடுத்தது வழக்குப் போடும் எஸ்.சி.-100 படிவம். இதில் பிரதிவாதி பெயர் எழுதும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆப்பில் தெரியும் பெயர் விளம்பரப் பெயர். "சேஸ்" என்று எழுதக் கூடாது, "ஜேபிமார்கன் சேஸ் பேங்க், என்.ஏ." என்று எழுத வேண்டும். என்.ஏ. என்பது நேஷனல் அசோசியேஷன், மத்திய அரசிடம் உரிமம் பெற்ற வங்கி என்பதன் அடையாளம். பங்குச் சந்தையில் இருக்கும் தாய்க் கம்பெனி வேறு, உங்கள் பணத்தை வைத்திருக்கும் வங்கி வேறு. மாதாந்திர ஸ்டேட்மென்ட்டின் அடியில் பொடி எழுத்தில் உண்மையான பெயர் இருக்கும். வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஐ.சி.-யின் பேங்க்ஃபைண்ட் தளத்தில் தேடினால் சட்டப்பெயர், தலைமையகம், யார் மேற்பார்வை என்ற மூன்றும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது: நான் வங்கி என்று நினைத்திருந்தது வெறும் ஆப், பணம் இருந்தது வேறொரு பெயர் கொண்ட வங்கியில்.

எந்தக் கவுன்ட்டி? ஒப்பந்தம் எங்கே போடப்பட்டதோ, எங்கே மீறப்பட்டதோ, அல்லது பிரதிவாதி எங்கே வியாபாரம் செய்கிறதோ அங்கே. படிவத்தில் அதற்கான கட்டத்தை டிக் செய்தால் போதும். எழுத்து ஒப்பந்தத்தை மீறியதற்கு நான்கு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

எந்தச் சட்டத்தின் கீழ் கேட்பது என்பதில் சின்ன சூட்சுமம் இருக்கிறது. வேறு மாநிலக் கம்பெனி என்ற காரணத்தை மட்டும் காட்டி வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்கு இழுக்க, தொகை 75,000 டாலரைத் தாண்ட வேண்டும். ஸ்மால் கிளெய்ம்ஸில் அது நடக்காது. ஆனால் ஃபெடரல் சட்டத்தை வைத்து நீங்கள் கேட்டால், வங்கி அதைச் சாக்காக வைத்து மாற்றக் கேட்க வழி உண்டு. அங்கே வக்கீல்கள் வருவார்கள். என் கருத்து, பணம் திரும்பி வந்தால் போதும் என்றால் "ஒப்பந்தப்படி தர வேண்டிய பணத்தைத் தரவில்லை" என்று எளிமையாக எழுதுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. உங்களுக்குத் தெரியாமல் யாரோ கணக்கிலிருந்து பணத்தை எடுத்திருந்தால், 1978-ன் மின்னணுப் பணமாற்றச் சட்டம் வலுவான ஆயுதம். கார்டு தொலைந்தது தெரிந்து இரண்டு வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்கள் இழப்பு 50 டாலரைத் தாண்டாது. அதற்குப் பிறகு, ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் சொன்னால் 500 வரை. வங்கி 10 வேலை நாளில் விசாரித்து முடிக்க வேண்டும். 45 நாள் வரை இழுக்க வேண்டுமென்றால் பணத்தைத் தற்காலிகமாகக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் இழுக்கலாம். ஆனால் இந்தச் சட்டத்தில் வழக்குக்கான கெடு ஒரே வருடம். ஏமாற்றுக்காரன் பேச்சை நம்பி நீங்களே ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவை மூலம் அனுப்பிய பணத்துக்கு இது பொதுவாக உதவாது.

சரி, சம்மன். ஸ்மால் கிளெய்ம்ஸில் சம்மனை கலிஃபோர்னியாவுக்குள்தான் சேர்ப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. விலக்குகள் சில உண்டு, வங்கிக்கு அவை பொருந்தாது. அப்படியானால் சூ ஃபால்ஸில் இருக்கும் வங்கிக்கு எப்படி? இங்கே வியாபாரம் செய்யும் வெளி மாநிலக் கம்பெனிகள் சம்மன் வாங்குவதற்கென்றே ஒரு ஏஜென்ட்டை நியமித்திருக்கும். மாநிலச் செயலர் அலுவலகத்தின் பிஸ்ஃபைல் தளத்தில் வங்கியின் சட்டப்பெயரைப் போட்டால் ஏஜென்ட்டின் பெயரும் முகவரியும் இலவசமாகக் கிடைக்கும். பெரிய நிறுவனங்களுக்கெல்லாம் பெரும்பாலும் இரண்டு மூன்று ஏஜென்ட் கம்பெனிகள்தான்; கிளெண்டேலிலும் சாக்ரமென்டோவிலும் அலுவலகம் வைத்து நாள் முழுக்க அடுத்தவர் சம்மனை வாங்கிப் போடுவதே அவர்கள் தொழில்.

ஏஜென்ட் பெயர் கிடைக்காவிட்டால், வங்கியின் அதிகாரி அல்லது பொது மேலாளரிடம் கொடுக்கலாம். கலிஃபோர்னியா சட்டத்தில் வங்கிக்கென்று தனியாக ஒரு வரியே உண்டு: "கேஷியர் அல்லது உதவி கேஷியரிடம்" கொடுக்கலாம் என்று. அதைப் படித்துவிட்டு கவுண்டரில் பணம் எண்ணும் பெண்ணிடம் நீட்டிவிடாதீர்கள். அந்தக் கேஷியர் பழைய காலத்து வங்கி அதிகாரிப் பதவி.

நீங்களே கொடுக்கக் கூடாது. வழக்கில் சம்பந்தமில்லாத, 18 வயதுக்கு மேற்பட்ட யாரும் கொடுக்கலாம்: நண்பர், ஷெரிஃப் (கவுன்ட்டியின் காவல் அதிகாரி), இதையே தொழிலாகச் செய்பவர். கோர்ட் கிளார்க் சர்ட்டிஃபைடு மெயிலில் அனுப்புவது மலிவுதான், ஆனால் கையெழுத்துப் போட்டது யார் என்று தெரியாமல் திரும்பி வந்தால் அது செல்லாமல் போகலாம். நேரில் கொடுப்பதையே நான் சொல்வேன். ஏஜென்ட் அதே கவுன்ட்டியில் இருந்தால் விசாரணைக்கு 15 நாள் முன்பும், வேறு கவுன்ட்டி என்றால் 20 நாள் முன்பும் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தவர், கொடுத்ததற்கான சான்றான எஸ்.சி.-104 படிவத்தில் கையெழுத்திட்டு அதைக் கோர்ட்டில் சேர்க்க வேண்டும். இதில் பிழை இருந்தால், நீங்கள் ஜெயித்த பிறகும் வங்கி வந்து தீர்ப்பை ரத்துசெய்யக் கேட்கலாம்.

குழப்பம் வந்தால் ஒவ்வொரு கவுன்ட்டியிலும் ஸ்மால் கிளெய்ம்ஸ் ஆலோசகர் இலவசமாக இருக்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவின் பணம் சம்பந்தப்பட்டது என்றால், ஐ.என்.டி.-300 படிவத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள்.

விசாரணை பத்து நிமிடத்தில் முடியலாம். எல்லாத் தாளிலும் மூன்று செட்: நீதிபதிக்கு, வங்கிக்கு, உங்களுக்கு. "என் பணம் 4,180. இது முகவரி மாற்றியதற்கான ஈமெயில், இது பழைய முகவரிக்கு அனுப்பியதாக அவர்களே எழுதிய கடிதம்" என்று தொடங்கினால் போதும். ஏழு போன் கால் கதையை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். வங்கி சார்பில் யாரும் வராவிட்டாலும் ஆதாரத்தைக் காட்டித்தான் ஜெயிக்க வேண்டும். தீர்ப்பு அங்கேயே வரலாம், அல்லது எஸ்.சி.-130 படிவமாகத் தபாலில் வரும். தோற்றால் வழக்குப் போட்டவருக்கு மேல்முறையீடு கிடையாது. வங்கி தோற்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்து, வக்கீலோடு வந்து முழு வழக்கையும் புதிதாக நடத்தலாம். நியாயமாகத் தெரியவில்லைதான், ஆனால் விதி அது.

தீர்ப்பு வந்தும் தராவிட்டால் வருடத்துக்கு 10 சதவீத வட்டி ஏறும். ஷெரிஃப் மூலம் வசூலிக்கலாம். 2011-ல் ஃப்ளோரிடாவின் நேப்பிள்ஸ் ஊரில், வீட்டை முழுப் பணம் கொடுத்து வாங்கிய தம்பதி மேல் ஒரு பெரிய வங்கி தவறாக ஜப்தி வழக்குப் போட்டது. வக்கீல் செலவைத் தரச் சொன்ன கோர்ட் உத்தரவையும் மாதக்கணக்கில் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் அவர்களின் வக்கீல், ஷெரிஃப் ஆட்களோடும் லாரியோடும் கிளைக்குள் போய் மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டரை எடுக்கப்போகிறோம் என்றார். சுமார் ஒரு மணி நேரத்தில் மேனேஜர் செக்கை நீட்டினார். அது ஸ்மால் கிளெய்ம்ஸ் வழக்கல்ல, ஆனாலும் தீர்ப்பு கையில் இருந்தால் ஷெரிஃபின் வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

இதெல்லாம் கலிஃபோர்னியா விதி. டெக்சஸில் வரம்பு 20,000 டாலர், வக்கீலும் வரலாம். நியூ ஜெர்சியின் ஸ்மால் கிளெய்ம்ஸில் 5,000. கென்டக்கியில் வெறும் 2,500.

என் வழக்கு விசாரணை வரை போகவில்லை. சம்மன் ஏஜென்ட் கைக்குப் போன இரண்டாவது வாரம், வங்கியின் மேலிட அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி அழைத்தார். முதல் முறையாக என் பிறந்த தேதியை யாரும் கேட்கவில்லை. முழுத் தொகையும், 50 டாலர் கட்டணமும், சம்மன் செலவும் தருகிறோம், வழக்கை இன்றே வாபஸ் வாங்குங்கள் என்றார். செக் கணக்கில் சேர்ந்த பிறகு வாங்குகிறேன் என்றேன். புது முகவரியை எழுத்தெழுத்தாக இரண்டு முறை சொன்னேன். பதினொன்றாம் நாள் செக் வந்தது, அதை வங்கியில் போட்டுப் பணம் சேர்ந்த மறுநாள் வாபஸ் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.