ஐந்நூறு ரூபாய் பெட்ரோலில் மைலேஜ் பார்க்காதீர்கள்

“அண்ணா, வண்டி பதினொண்ணுதான் குடுக்குதுங்க. இன்ஜெக்டர் கிளீன் பண்ணிடலாமுங்களா?”

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வாரம் ஒருவராவது, எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில்தான் கோளாறு என்று இப்படி வருவார். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: ரிசர்வ் லைட் எரிந்ததும் ஐந்நூறுக்குப் போட்டு, மறுபடி லைட் எரியும்வரை ஓட்டினேன்.

அந்த லைட்டை எரிய வைப்பது டேங்குக்குள் மிதக்கும் ஒரு மிதவை. மேட்டில் ஏறினால், வளைவில் திரும்பினால் அதுவும் சாயும். முன்னே பின்னே அரை லிட்டர் சாதாரணம். ஐந்து லிட்டரில் அரை லிட்டர் என்றால் பத்து சதவீதப் பிழை. முப்பது லிட்டரில் அதுவே இரண்டு சதவீதம்கூட இல்லை.

அதனால் நிறைய ஓட்டித்தான் அளக்க வேண்டும். பங்கில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்புங்கள். ‘டக்’ என்று நின்றதும் போதும். “ரவுண்டா ரெண்டாயிரம் போட்டுடட்டுங்களா சார்?” என்பார் பங்க் பையன். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த ரவுண்டில்தான் கணக்கு கெடும். கழுத்துவரை நிரப்பினால் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய்விடும். அதை மாற்றுவது தனிச் செலவு. ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, முக்கால் டேங்க் காலியானதும் அதே பங்கு, முடிந்தால் அதே நாசில், மறுபடி முதல் ‘டக்’வரை. ஓடிய கிலோமீட்டரை பில்லில் உள்ள லிட்டரால் வகுங்கள், ரூபாயால் அல்ல.

பதினொண்ணுதான் குடுக்குது என்று வந்தவருக்கு முதல் தடவை 412 கிலோமீட்டர், 27.4 லிட்டர்: 15. மூன்று தடவை சேர்த்து 1,190-ஐ 78.3-ஆல் வகுத்தால் 15.2. மீட்டர் திரை 16.4 என்று காட்டியது. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை வைத்துப் போடும் கணக்கு அது. பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகத்தான் காட்டும். இன்ஜெக்டரைத் தொடாமலே அனுப்பி வைத்தேன்.

கம்பெனி சொல்லும் அராய் (வண்டிகளைச் சோதிக்கும் அமைப்பு) மைலேஜோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். அது உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, ஏ.சி. போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் எடுத்த எண். கோவை காந்திபுரம் சிக்னலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டயர் மாற்றியவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். 185/65 ஆர்15 அளவு டயர் இருந்த இடத்தில் 195/65 போட்டால் சக்கரம் இரண்டு சதவீதம் பெரிசு. நூறு கிலோமீட்டர் போனாலும் மீட்டரில் கிட்டத்தட்ட 98தான் ஏறும். வண்டி பாவம், ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும்.

இத்தனை பார்த்தும் மைலேஜ் நிஜமாகவே குறைந்திருந்தால், முதலில் காற்று பாருங்கள். அப்புறம் பத்து கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள்; தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது வாங்க.