ப்ராக்ஸிக்கு முன்னே எழும் செயலி: தானாகச் சரியாகும் ரீஸ்டார்ட்டை ஏன் நம்பக் கூடாது

பாலக்காட்டின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பால் சொசைட்டிகளின் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். பாலின் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் விலைப் பட்டியலோடு ஒப்பிட்டு, பால் ஊற்றுபவரின் கையில் சீட்டுக் கொடுக்கும் மென்பொருளைப் பராமரிக்கும் குழுவில் நான் இருக்கிறேன். இந்த மென்பொருள் குபெர்னெட்டிஸ் தளத்தில், கண்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் ‘பாட்’ (pod) என்ற சிறு அலகுகளாக இயங்குகிறது. இரவில் பாட்களைக் குறைத்துவிட்டு, அதிகாலையில் கூட்டுவது எங்கள் வழக்கம். கூட்டும்போதெல்லாம் சில பாட்களில், செயலி விழுந்து மறுபடி எழுந்ததைக் காட்டும் ரீஸ்டார்ட் எண்ணிக்கை ஒன்றோ இரண்டோ ஏறியிருக்கும். பிறகு எல்லாம் ஒழுங்காக ஓடும். தானாகவே சரியாகிவிட்டதால் பல மாதங்கள் யாரும் அதைத் தோண்டிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் ஒரு சேவை விழாமல் தாக்குப்பிடித்துவிட்டது, அதுதான் வினையாயிற்று. புதிய விலைப் பட்டியலைப் பெற முடியாத அது, இமேஜுக்குள் (கண்டெய்னர் எழும் மென்பொருள் பொதிக்குள்) கிடந்த பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்க, காலை முழுவதும் பழைய விலையில் சீட்டுகள் அச்சாயின. தீவனக் கடன் கழிந்து மிஞ்சுவதை நம்பிக் குடும்பம் நடத்துபவர்களுக்கு லிட்டருக்குச் சில காசுகள் குறைவதும் பெரிய விஷயம். கணக்கைத் திருத்திக் கொடுத்துவிட்டோம் என்றாலும், அவர்கள் முகத்தில் கண்ட சந்தேகம் எனக்கு இன்றும் வலிக்கிறது.

காரணம் இதுதான். சேவைகளுக்கிடையேயான போக்குவரத்தைக் காத்து நிர்வகிக்கும் ‘மெஷ்’ மென்பொருள் இஸ்டியோ. அதன் சைட்கார் முறையில், செயலியின் பக்கத்திலேயே என்வாய் என்ற ப்ராக்ஸி (இடைத்தரகு மென்பொருள்) தனிக் கண்டெய்னராக ஓடும். பாட்டிலிருந்து வெளியேறும் போக்குவரத்தை லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் விதிகள் அந்த ப்ராக்ஸியின் 15001 போர்ட்டுக்குத் திருப்பிவிடுகின்றன. இவ்விதிகள் செயலி தொடங்குவதற்கு முன்பே அமலில் இருக்கும். என்வாயோ கட்டுப்பாட்டுத் தளமான இஸ்டியோடியிடம் சான்றிதழும் அமைப்பு விவரங்களும் பெற்ற பிறகே ஆயத்தமாகும். அந்த இடைவெளியில் செயலி தரவுத்தளத்தை அழைத்தால், கேட்பதற்கு ஆளில்லாத போர்ட்டில் மோதி, ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்ற பிழையோடு திரும்பும். லாகை (செயலியின் பதிவேட்டை) மட்டும் படிப்பவருக்குத் தரவுத்தளமே குற்றவாளியாகத் தெரியும். நாங்களும் முதலில் அங்கேதான் தேடினோம்.

உண்மையைக் காட்டியது நேரக் குறிப்பு. பாட்டின் நிலை விவரத்தில் இரு கண்டெய்னர்களும் தொடங்கிய நேரத்தையும், விழுந்த கண்டெய்னரின் முந்தைய லாகையும், ப்ராக்ஸியின் லாகில் என்வாய் ஆயத்தமானதாகப் பதிவான வரியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். பிழைகள் எல்லாம் அந்த வரிக்கு முன்பே விழுந்து, அதற்குப் பின் ஒன்றுகூட இல்லையென்றால் சிக்கல் தொடக்க வரிசையில்தான் இருக்கிறது.

பலரும் செய்வதுபோல் நாங்களும் செயலியின் முன்னால் பத்து நொடி ‘ஸ்லீப்’ வைத்துப் பார்த்தோம். எல்லாப் பாட்களும் ஒரே நேரத்தில் எழுந்து சான்றிதழ் கேட்கும் நாளில் அந்தப் பத்து நொடி போதவில்லை. பாட் ஆயத்தமா என்று பார்க்கும் ரெடினெஸ் சோதனையும் இதைத் தடுக்காது. அது பாட்டுக்குள் வரும் போக்குவரத்தை நிறுத்திவைக்குமே தவிர, செயலி தொடங்குவதை நிறுத்திவைக்காது.

இஸ்டியோ 1.7 பதிப்பில், 2020ஆம் ஆண்டு, ப்ராக்ஸி ஆயத்தமாகும்வரை செயலியை நிறுத்திவைக்கும் ‘ஹோல்ட் அப்ளிகேஷன் அன்டில் ப்ராக்ஸி ஸ்டார்ட்ஸ்’ அமைப்பு வந்தது. இது சைட்காரைக் கண்டெய்னர் பட்டியலின் முதலிடத்தில் வைத்து, ‘போஸ்ட் ஸ்டார்ட்’ கொக்கியால் அடுத்த கண்டெய்னரைக் காக்கவைக்கிறது. ஆனால் செயலிக்கு முன்பே ஓடி முடியும் ஆயத்த வேலைகளுக்கான இனிட் கண்டெய்னர்களுக்கு இது உதவாது; அவையெல்லாம் முடிந்த பிறகே இந்த வரிசை தொடங்குகிறது. டேட்டாபேஸ் மைக்ரேஷனை (தரவுத்தள அமைப்பு மாற்றத்தை) இனிட் கண்டெய்னரில் வைத்திருப்பவர்கள், அதை ப்ராக்ஸியின் பயனர் எண்ணான 1337இல் ஓட்டித் திருப்புதலிலிருந்து விலக்குவதுண்டு. இது வேலை செய்யும், ஆனால் அந்தப் போக்குவரத்துக்கு மெஷ்ஷின் பாதுகாப்புக் கிடைக்காது என்பதால் எனக்கு இதில் உடன்பாடில்லை.

என் தேர்வு குபெர்னெட்டிஸின் சொந்த சைட்கார் ஏற்பாடு: ‘ரீஸ்டார்ட் பாலிசி ஆல்வேஸ்’ கொண்ட இனிட் கண்டெய்னர். 1.28இல் சோதனை நிலையில் வந்து, 1.29இல் இயல்பாகவே இயங்கத் தொடங்கி, 1.33இல் நிலைபெற்றது. இதில் ப்ராக்ஸி முதலில் எழுவதால் பின்வரும் இனிட் கண்டெய்னர்களுக்கும் வலையமைப்புக் கிடைக்கிறது. ஒருமுறை ஓடி முடிய வேண்டிய ‘ஜாப்’, தன் வேலை முடிந்த பிறகும் ப்ராக்ஸி ஓடிக்கொண்டிருப்பதால் முடியாமல் தொங்கும் தொல்லையும் இதோடு தீர்கிறது.

வரிசையைச் சரிசெய்ததோடு நாங்கள் நிற்கவில்லை. இமேஜிலிருந்த பழைய பட்டியலை நீக்கிவிட்டோம். இப்போது அந்தச் சேவை இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி மறுபடி கேட்கும். அன்றைய விலைப் பட்டியல் கைக்கு வரும்வரை தன்னை ஆயத்தம் என்று அறிவிக்காது, ஒரு சீட்டும் அச்சாகாது.