"முழுமையான"னு போட்டா ஹோலிஸ்டிக் ஆயிடுமா?

இந்த மாசத்துல இது மூணாவது நோட்டீஸ். நான் வேலூர்ல டிடிபி வேலை பாக்குறவன். காந்தி ரோடு லாட்ஜ் காரங்க, மெஸ் நடத்துறவங்க, மருந்து கடைக்காரங்கன்னு எல்லாரும் நம்மகிட்டதான் வருவாங்க, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வெளியூர்லேந்து வர்ற ஜனம் ஜாஸ்திங்கறதால தமிழ், இந்தி, வங்காளம்னு மூணு பாஷையிலயும் அடிச்சு குடுக்கணும். வங்காளத்துல என்ன தப்பு இருந்தாலும் எனக்கு தெரியாது, அதனால அதுல நிம்மதி. தமிழ்லதான் தொல்லை.

இந்த தடவ வந்த மேட்டர்ல மேல இங்கிலீஷ்ல "ஹோலிஸ்டிக் ட்ரீட்மென்ட்", கீழ தமிழ்ல "மூலிகை, யோகா, தியானம் இணைந்த முழுமையான சிகிச்சை". ஹோலிஸ்டிக்னா முழுமையான. எல்லாரும் இதத்தான் போடுறாங்க, பேப்பர்ல போடுறாங்க, யூட்யூப்ல பேசுறாங்க, மொழிபெயர்ப்பு ஆப்ல போட்டாலும் இதான் வருது. ஏன் இது தப்புன்னு எனக்கு புரிய வெச்சது அகராதி இல்ல, எங்க பெரியம்மா.

பெரியம்மா குடியாத்தம் பக்கம், பதினஞ்சு வருஷமா சுகர். போன வருஷம் இதே மாதிரி ஒரு நோட்டீஸ் அவங்க கைக்கு வந்திருக்கு. எனக்கு போன் போட்டு, "இன்னாடா இது, முழுசா சரியாயிடும்னு போட்டுகீறாங்க, அப்பால இன்னாத்துக்கு நான் தெனம் மாத்திரை முழுங்கினுகீறேன்?"ன்னாங்க. பெரிம்மா அப்டி போடலயே, முழுமையான சிகிச்சைன்னுதான போட்டிருக்கும்னேன். "ரெண்டும் ஒண்ணுதானடா"ன்னாங்க. அவங்க தப்பா படிக்கல. தமிழ் தெரிஞ்ச யார் படிச்சாலும் அதான் அர்த்தம். மாத்திரைய நிறுத்தாதீங்கன்னு அரை மணி நேரம் கெஞ்ச வேண்டியதா போச்சு.

சரி, வேர சட்டுனு பாத்துட்டு வந்துடலாம். கிரேக்கத்துல ஹோலோஸ்னா முழு. அதுலேந்து ஹோலிசம்ங்கற சொல்ல 1926ல உண்டாக்குனவர் யான் ஸ்மட்ஸ். வைத்தியர் இல்ல, தென்னாப்பிரிக்காவுல ஜெனரலா இருந்து பிரதமர் ஆனவர். எந்தப் பொருளையும் துண்டு துண்டா பிரிச்சு பாத்தா புரியாது, முழுசுக்குன்னு தனி குணம் ஒண்ணு இருக்குங்கறதுதான் அவர் வாதம், பரிணாமத்த பத்தி எழுதும்போது சொன்னது. மூலிகைக்கும் அதுக்கும் அப்ப ஒரு சம்பந்தமும் கிடையாது, 1970கள்ல அமெரிக்காவுல வைத்தியத்தோட ஒட்டிக்கிட்டு பரவுனதுதான். காந்திய ஜெயில்ல போட்ட ஸ்மட்ஸும் இவர்தான். ஜெயில்ல தச்ச செருப்ப காந்தி அவருக்கு பரிசா குடுக்க, அத இவரு பல வருஷம் போட்டுட்டு 1939ல காந்தியோட 70வது பிறந்தநாளுக்கு திருப்பி அனுப்புனாரு. அங்க இந்தியர்களுக்காக காந்தி நடத்துன போராட்டத்துல ஜெயிலுக்கு போய் நோயோட வெளிய வந்து 1914ல செத்துப்போன தில்லையாடி வள்ளியம்மை நம்ம தமிழ் பொண்ணு. எல்லாத்தையும் ஒண்ணா பாக்கணும்னு எழுதுன மனுஷன் நம்மாளுங்கள மட்டும் தனியா பிரிச்சு வெச்சு பாத்தாரு. அது வேற கதை, விடுங்க.

இன்னொரு விஷயம். இங்கிலீஷ்ல முழுசுக்கு ஹோல்னு சொல்றாங்களே, அதுக்கும் இந்த ஹோலோஸுக்கும் சொந்தம் இல்ல, சத்தம்தான் ஒண்ணு. அந்த ஹோலோட கூடப்பிறந்ததுங்க ஹெல்த், ஹீல், ஹோலி. கிரேக்க ஹோலோஸுக்கு ரத்த சொந்தம் யாருன்னா சமஸ்கிருத சர்வ. ஆமாங்க, சர்வரோக நிவாரணில இருக்கே, அந்த சர்வ. ஹோலிஸ்டிக்க சர்வரோக நிவாரணி ஆக்குன நோட்டீஸ் காரங்க தெரியாமலே அதோட சொந்தக்காரங்க வீட்டுக்கே போய் சேந்திருக்காங்க.

ஹோலின்னா புனிதம், அதனால ஹோலிஸ்டிக் லிவிங்னா "புனித வாழ்வியல்"னு ஒருத்தர் எழுதி எடுத்துட்டு வந்தாரு. அவருக்கு ஒரு வரி போதும். காதுல விழுறத வெச்சு அர்த்தம் சொல்லணும்னா பாலாத்துல பால் ஓடணும், நம்மூர்ல அதுல தண்ணி ஓடுறதே அபூர்வம்.

இப்ப முழுமையானக்கு வர்றேன். தமிழ்ல இந்த சொல்ல எதுக்கு முன்னாடி போட்டாலும் அது நேரா பலன்ல போய் உக்காருது. முழுமையான தீர்வுன்னா பிரச்சினை மிச்சம் இல்ல, முழுமையான விடுதலைன்னா கட்டு ஒண்ணும் இல்ல, முழுமையான தள்ளுபடின்னா பத்து பைசா கட்ட வேண்டாம். அப்ப முழுமையான சிகிச்சைன்னா? நோய் மிச்சம் இல்லாம போயிடும்னுதான புரிஞ்சுக்குவாங்க. ஹோலிஸ்டிக் அப்டி ஒரு வாக்கே குடுக்கல. அது பலன சொல்ற சொல் கிடையாது, பாக்குற விதத்த சொல்ற சொல். பீடி சுத்துற அம்மா ஒருத்தங்க இடுப்பு வலின்னு வர்றாங்கன்னு வெச்சுக்கோங்க. இடுப்ப மட்டும் பாத்து தைலம் குடுக்கறது ஒரு விதம். ஒரு நாளைக்கு எத்தினி மணி நேரம் மொறத்த மடில வெச்சுகினு குனிஞ்சு உக்காந்திருக்கீங்க, ராத்திரி தூக்கம் வருதா, சாப்பாடு இன்னா, வீட்ல யார் தண்ணி தூக்குறது, மனசுல என்ன கவலன்னு கேட்டு பாக்குறது இன்னொரு விதம். ரெண்டாவதுதான் ஹோலிஸ்டிக். இப்டி எல்லாம் கேட்டுட்டு அந்த வைத்தியர், "அம்மா இது முழுசா போகாது, கொறைக்கலாம்"னு சொன்னாலும் அவர் ஹோலிஸ்டிக் வைத்தியர்தான். ஆனா "முழுமையான சிகிச்சை"ன்னு போர்டு வெச்சுட்டு அப்டி சொன்னா பொய்யராயிடுவாரு. வித்தியாசம் இங்கதான் இருக்கு.

இது வெறும் சொல் சண்டை இல்ல, சட்டமும் இருக்கு. மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிரா 1954ல வந்த சட்டத்துல ஒரு பட்டியலே இருக்கு, சர்க்கரை, புத்துநோய் இதெல்லாம் குணமாகும்னு விளம்பரம் பண்ணக்கூடாது. இங்கிலீஷ்ல ஹோலிஸ்டிக்னு போட்டா சட்டத்துக்கு உள்ள, அதையே தமிழ்ல முழுமையானன்னு போட்டு கீழ சர்க்கரைன்னு எழுதுனா சட்டத்துக்கு வெளிய ஒரு கால். மொழிபெயர்த்தவருக்கு இது தெரியுமா? அவர் பாட்டுக்கு சொல்லுக்கு சொல் போட்டு காச வாங்கிட்டு போயிடுறாரு.

எனக்கு தமிழ் வாத்தியார் ஒருத்தர் சினேகிதம், சாயங்காலம் டீக்கு வருவார். அவர் விடல. "முழுமைக்கு என்னய்யா குறைச்சல், தொல்காப்பியத்துலயே 'முழுதென் கிளவி எஞ்சாப் பொருட்டே'ன்னு இருக்கு"ன்னார். சார், நீங்க எனக்குதான் சாட்சி சொல்றீங்கன்னேன். முழுதுன்னா எஞ்சாம, ஒண்ணு விடாம. எத ஒண்ணு விடாம? நோய்ல ஒண்ணு விடாமயா, கேள்வில ஒண்ணு விடாமயா? அத சொல்லாம மொட்டையா முழுமையானன்னு விட்டா கேக்குறவன் தனக்கு எது வேணுமோ அதத்தான் எடுத்துக்குவான், நோயாளிக்கு வேண்டியது குணம். அவர் ஒரு வாய் டீ குடிச்சுட்டு, அப்ப "முழுமையியல்"னு வெச்சுக்கோன்னார். இயல்னா படிப்பு சார், உயிரியல் வேதியியல் மாதிரி. கை கால் வலிக்குதுன்னு வர்றவனுக்கு என்னாத்துக்கு ஒரு டிகிரி? "ஒருங்கிணைந்த"னு சில பேர் போடுறாங்க, அது ரெண்டு மூணு வைத்திய முறைய ஒரே கூரைக்கு கீழ சேத்து தர்றது, இங்கிலீஷ்லயே அதுக்கு வேற சொல் இருக்கு. ரெண்டையும் குழப்பக்கூடாது. (ஒண்ணா சேக்குறதுல நம்ம பழைய வடாற்காடு ஜில்லாவுக்கு ராசியும் இல்ல. 1911ல சித்தூர் போச்சு, 1989ல திருவண்ணாமலை போச்சு, 2019ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போச்சு, முழு வடாற்காடுன்னு சொல்றதுக்கு இப்ப வயசானவங்க வாய்தான் மிச்சம்.)

"இயற்கை வாழ்வியல்"னு ஒரு கட்சி இருக்கு, அதுவும் தப்பு. இயற்கைங்கறது பொருள் எங்கேந்து வந்துச்சுன்னு சொல்றது, முழுசுங்கறது எப்டி பாக்குறோம்னு சொல்றது. எட்டிக்காயும் அரளி விதையும் இயற்கைதான், தின்னுட்டு பாருங்க. பழைய வைத்தியருங்களுக்கு இது நல்லாவே தெரியும், அதான் "சுக்குக்கு புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு"ன்னு சொல்லி வெச்சாங்க, சுக்குல தோல சீவு, கடுக்காய்ல கொட்டைய எடு, அப்பறம்தான் மருந்து. ஜவ்வாது மலைலேந்து வர்ற கடுக்காய பொடி பண்ணி "பக்க விளைவே இல்லாத"ன்னு லேபிள் ஒட்டுறவங்க அந்த பழமொழிய ஒரு தடவையாவது படிக்கணும்.

ஆவாரையும் அப்டித்தான். "ஆவாரை பூத்திருக்க சாவாரைக் கண்டதுண்டோ"ன்னு ஒரு சொலவடை, சுகர் காரங்க வீட்ல எல்லாம் ஆவாரம்பூ காயுது. இந்த ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வெச்சுதான் நம்ம பக்கம் ஒரு காலத்துல தோல் பதம் போட்டாங்க, குரோமியம் வந்தது அப்பறம். அந்த டேனரி தண்ணி பாலாத்துல எறங்கி கெணறு கெட்டுப்போன ஊருல உக்காந்துகினு, அதப்பத்தி ஒரு வார்த்தை கேக்காம நாலு பூவ கொதிக்க வெச்சு குடிங்கன்னு மட்டும் சொன்னா அது ஹோலிஸ்டிக்கே கிடையாது, ஆள் குடிக்கிற தண்ணியும் அந்த முழுசுல சேத்திதான்.

இதெல்லாம் நமக்கு புதுசும் இல்ல. திருக்குறள் மருந்து அதிகாரத்துல எல்லாரும் "நோய்நாடி"யோட நின்னுடறாங்க, ஸ்டிக்கர் ஆக்கி ஆஸ்பத்திரி செவுத்துல ஒட்டிட்டு போயிடறாங்க. அதுக்கு அடுத்த ரெண்டு குறள்தான் இந்த விஷயத்துக்கு பொருந்தும். 949ல நோயாளியோட அளவு, நோயோட அளவு, காலம் மூணையும் பாத்து செய்யின்னு இருக்கு. 950ல மருந்துங்கறது நாலு பங்கு, நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்துல இருந்து கவனிக்கிறவர். கூட இருந்து பாத்துக்கற ஆளையும் மருந்துல ஒரு பங்கா வெச்சாரு பாருங்க வள்ளுவர், ஸ்மட்ஸுக்கெல்லாம் எத்தினியோ தலைமுறைக்கு முன்னாடி. எந்த வார்டு வராந்தாவுலயாவது துண்ட விரிச்சு படுத்திருக்கற அண்ணனையோ மகளையோ பாத்தவங்களுக்கு அந்த நாலாவது பங்கு என்னன்னு வெளக்க வேண்டியதில்ல.

அதனால என் சொல் "முழுநோக்கு". முழுநோக்கு வைத்தியம், முழுநோக்கு வாழ்க்கை. தொலைநோக்கு திட்டம்னா திட்டம் தூரத்துல இருக்குன்னு யாரும் நெனைக்கறதில்ல, பாக்குறவங்க தூரமா பாக்குறாங்கன்னு சின்ன பையனுக்கும் புரியுது. அதே வார்ப்புதான். முழுசுங்கறது பார்வைல ஒட்டிக்கும், பலன்ல போய் உக்காராது. வாத்தியாரும் யோசிச்சுட்டு சரின்னார், "வைத்தியம்"கறத "மருத்துவம்"னு மாத்துன்னு மட்டும் சொன்னார். எனக்கு அந்த அளவுக்கு தூய தமிழ் வெறி கிடையாது, மூலிகைங்கற சொல்லே மூலம்ங்கற சமஸ்கிருத சொல்லுலேந்து வந்ததுதான், வேர்னு அர்த்தம், அதுக்காக நாளைலேந்து எல்லாரும் பச்சிலைன்னே சொல்லணும்னு நான் சண்டைக்கு நிக்க மாட்டேன். பொய் சொல்லாத சொல்லா இருந்தா போதும். ஆன்மிகமா ஆன்மீகமான்னு கேட்டு கூட ஒரு கஸ்டமர் ஒரு மணி நேரம் எடுத்தாரு, அதே நோட்டீஸ்ல நோய் பேரு மூணு எழுத்துப்பிழையோட இருந்துச்சு, அது அவர் கண்ணுல படல.

என் ஆத்தாமையே இப்ப எல்லாரும் மொதல்ல இங்கிலீஷ்ல எழுதுறாங்கங்கறதுதான். பரம்பரையா சூரணம் இடிக்கற வீட்டு பையன் கூட ஹீலிங் ஹெர்ப்ஸ்னு எழுதி எடுத்துட்டு வந்து "இத தமிழ்ல போட்டு குடுங்கண்ணா"ங்கறான். குணப்படுத்தும் மூலிகைகள்னு போடுன்னு அவனே சொல்றான். ஏம்பா, உங்க தாத்தா கிட்ட கேட்டா கபத்த அறுக்கும், சூட்ட தணிக்கும், புண்ண ஆத்தும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு வினை சொல்லுவாரே, எல்லாத்தையும் தூக்கி ஒரே குணப்படுத்தும்ல போட்டு மூடிட்டா எது எதுக்குன்னு வாங்குறவனுக்கு எப்டி தெரியும்? பழைய போர்டுங்கள பாருங்க, புத்தூர் கட்டு, பச்சிலை வைத்தியம், நாட்டு மருந்து கடைன்னு இருக்கும். உள்ள என்ன நடக்குதோ அதான் வெளிய.

நோட்டீஸுக்கு வர்றேன். முழுநோக்கு சிகிச்சைன்னு போட்டு ப்ரூஃப் வாட்ஸப்ல அனுப்புனேன். பத்து நிமிஷத்துல போன். "அண்ணா, இது நோக்கு வர்மமா? நாங்க அதெல்லாம் பண்றதில்லண்ணா." பார்வையாலயே ஆள வசப்படுத்துற வித்தைன்னு நெனச்சுட்டாரு. வெளக்குனேன், கேட்டுட்டு, "நல்லாதாண்ணா இருக்கு, ஆனா ஜனங்க பயந்துடுவாங்க, பழையபடியே போட்டுருங்க"ன்னாரு. என் சொல்லுக்கு இப்டி ஒரு கேடு இருக்கும்னு வாத்தியாரும் யோசிக்கல, நானும் யோசிக்கல. கடைசில சிகிச்சைங்கறத எடுத்துட்டு "முழுமையான கவனிப்பு"ன்னு போடவான்னு கேட்டேன், அதுல குணமாகும்னு வாக்கு ஒண்ணும் இல்ல, அவரும் இடம் பத்துதுன்னு ஒத்துக்கிட்டாரு. ஆயிரம் காப்பி அடிச்சு குடுத்தாச்சு.

ஞாயித்துக்கெழம குடியாத்தம் போனப்ப ஒரு காப்பிய பெரியம்மா கிட்ட காட்டுனேன். கண்ணாடிய மாட்டிகினு ரெண்டு தடவ படிச்சாங்க.

"முழுமையான கவனிப்பாமே. இன்னாடா, சோறும் போடுவாங்களா?"