டாஷ்போர்டில் ஒரு சின்ன ஓட்டை

“இந்த வண்டி எதையுமே இழுத்ததில்லை” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார் விற்பவர். மெல்பர்னுக்குத் தென்கிழக்கே, டேண்டினாங் பக்கம் ஒரு வீட்டு வாசல். வயதான டீசல் ஃபோர் வீல் டிரைவ் ஒன்றைக் கழுவித் துடைத்து, டயருக்குக்கூட மை பூசி நிறுத்தியிருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்த என் மைத்துனன், மனசுக்குள் கேரவனோடு, அதாவது பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சக்கர வீட்டோடு, பாதி ஆஸ்திரேலியாவைச் சுற்றி முடித்திருந்தான். “மாமா, மூணரை டன் இழுக்குமாம்!”

நான் பார்த்துக்கொண்டிருந்தது டாஷ்போர்டின் அடி விளிம்பை. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், சுண்டுவிரல் நுழையும் அளவில் ஓர் ஓட்டை. கறுப்பு ரப்பர் மூடி போட்டு அடைத்திருந்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட டிரெய்லரின் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருந்தாக வேண்டும். கொக்கி விட்டுப்போனால் தானாகப் பிடித்து நிற்கும் ஏற்பாடும் வேண்டும். பெரிய கேரவன்களில் பெரும்பாலும் இருப்பது மின்சார பிரேக். நாம் பிரேக்கை மிதிக்கும்போது பின்னால் வரும் கேரவன் எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதை ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சின்னத் திருகுக் குமிழ் வைத்து அமைத்துக்கொள்வார்கள். அந்தத் திருகுக்காகத்தான் டாஷ்போர்டைத் துளைப்பது. தோட்டத்துச் சருகை அள்ளிப்போகும் குட்டி டிரெய்லருக்கு யாரும் இந்த வேலை பார்ப்பதில்லை. விற்கும்போது திருகைக் கழற்றிவிடலாம், ஓட்டையை என்ன செய்வது?

இழுத்த வண்டி என்பதாலேயே அது கெட்ட வண்டி ஆகிவிடாது. பாரமும் சூடும் அதற்குள் எங்கெங்கே போய் வந்திருக்கின்றன, போன இடத்தில் என்ன மிச்சம் வைத்திருக்கின்றன என்பதுதான் கேள்வி.

பாரத்தை முதலில் பார்த்துவிடுவோம். ‘3500 கிலோ’ என்ற எண் விளம்பரத்தில் மட்டும்தான் தனியாக வாழும். 2007 முதல் 2021 வரை வந்த டொயோட்டா லேண்ட் குரூசர் 200-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4.5 லிட்டர் வி8 டீசல், 650 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இழுவைக்கென்றே பேர்போன வண்டி. ஆள், சாமான் எல்லாம் சேர்ந்து அது 3350 கிலோவைத் தாண்டக்கூடாது. உயர் ரகங்களில் டீசல் நிரப்பிய வெறும் வண்டியே ஏறத்தாழ 2740. மிச்சம் 610. மூன்றரை டன் கேரவனை மாட்டினால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 350 கிலோ, கொக்கிக் குண்டின் மேல் உட்காரும். அது வண்டி சுமக்கும் கணக்கில் வருகிறது. மிச்சம் 260. ஆளுக்கு 75 கிலோ என்று நான்கு பேர் ஏறினால் 300. தண்ணீர் கேனும் இன்னும் ஏறவில்லை, கங்காருவுக்குப் பயந்து முன்னால் மாட்டிய இரும்புத் தடுப்பையும் எண்ணவில்லை. அதற்குள் வரம்பு தாண்டிவிட்டது.

இது தாராளமான வண்டி. சில வண்டிகளில் கணக்கு இன்னும் இறுக்கம். ஃபோர்டு ரேஞ்சரின் முந்தைய தலைமுறையில் வண்டி மட்டும் 3200 கிலோ வரை இருக்கலாம். ஆனால் வண்டியும் கேரவனும் சேர்ந்தால் 6000-க்குள் அடங்க வேண்டும். பின்னால் 3500 தொங்கினால் முன்னால் 2500-தான். மிட்சுபிஷி பஜேரோ 3000 கிலோ இழுக்கும். ஆனால் கேரவன் 2500-ஐத் தாண்டிவிட்டால் கொக்கியின் மேல் 180 கிலோவுக்கு மேல் கூடாது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஓர் எண், கையேட்டில் சின்ன எழுத்தில் அதன் கடிவாளம்.

கொக்கியின் மேல் ஏன் பத்தில் ஒரு பங்கு என்று மைத்துனன் கேட்டான். எங்கள் தாத்தா மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றும்போது முன்பாரம் பின்பாரம் பார்ப்பார். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும். ஒற்றை அச்சுக் கேரவனும் அதே வண்டிதான். மாடு மணிக்கு நூறு கிலோமீட்டரில் ஓடவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். அந்த வேகத்தில் பின்பாரம் மிஞ்சிய கேரவன் வால் ஆட்டும். மெதுவாகப் போகும்போது ஒவ்வோர் ஆட்டத்தையும் டயர்களின் பிடி தணித்துவிடும். வேகம் ஏற ஏற அந்தத் தணிப்பு குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்துக்கு மேல் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். பிறகு வண்டியைக் கேரவன் ஓட்டும்.

அந்த 350 கிலோ உட்காரும் இடம் பின் அச்சுக்கு நேர் மேலே அல்ல, அதற்கும் பின்னால். கிணற்று ஏற்றம்போலப் பின் அச்சு நடுக்கால், வண்டி அதன் மேல் கிடக்கும் துலா. கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். லேண்ட் குரூசர் 200-இன் இரு அச்சுகளுக்கு நடுவே 2.85 மீட்டர். 350-ஐ 1.2-ஆல் பெருக்கி 2.85-ஆல் வகுத்தால் 147. முன் சக்கரங்களிலிருந்து 147 கிலோ தூக்கப்பட்டு அதுவும் பின்னால் சேர்கிறது. பின் அச்சில் ஏறுவது 350 அல்ல, ஏறக்குறைய 500. திருப்ப வேண்டிய சக்கரங்கள் இலேசாகின்றன, சுமக்க வேண்டியவை தவிக்கின்றன.

வருடக்கணக்கில் இப்படி ஓடிய வண்டி அதை உடம்பில் காட்டும். சமதளத்தில் நிறுத்தி, தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். பின்பக்கம் அமுங்கியிருக்கிறதா? பின்னால் திறந்த தொட்டி உள்ள டபுள் கேப் வண்டி என்றால், ஆட்கள் அமரும் கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். கீழே ஒரு விரல், மேலே இரண்டு விரல் என்றிருந்தால் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், வளைந்திருக்கிறது. அமுங்கிய ஸ்பிரிங்குக்கு முட்டுக்கொடுக்கக் காற்றுப்பை வைத்திருந்தால் அங்கே இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும். பின்பக்கம் நிமிர்ந்து நிற்குமே தவிர சுமை எங்கும் போய்விடவில்லை. ஒவ்வொரு குழியிலும் அது சேஸிஸின் ஒரே புள்ளியில் குத்தும். படகு இழுத்த வண்டி என்றால் கதை வேறு, உப்பு. கடலில் படகை இறக்கும் சரிவில் பின் சக்கரங்கள் நனைந்து நனைந்து, சேஸிஸின் உள்சுவரில் துரு ஏறியிருக்கும். அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்து விற்கும் வண்டியைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை.

பாரமாவது கண்ணுக்குத் தெரியும். சூடு உள்ளே ஒளிந்திருக்கும்.

இரண்டரை டன் வண்டி, இரண்டரை டன் கேரவன், நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் மலைச்சாலை, 80 கிலோமீட்டர் வேகம். அந்த ஐந்து டன்னை மேலே தூக்க மட்டும் 65 கிலோவாட் வேண்டும். கேரவனின் சுவர் போன்ற முகம் காற்றைத் தள்ளுவது தனி. அதையும் சேர்த்தால் 80 கிலோவாட் சுலபமாகத் தாண்டும். காரில் ஏழெட்டு விநாடி முந்துவதற்குக் கேட்கும் சக்தியை இங்கே கால் மணி நேரம் விடாமல் கேட்கிறோம்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்தச் சக்தி முழுக்க டார்க் கன்வெர்ட்டர் வழியாகத்தான் போகிறது. அதற்குள் இரண்டு இறகுச் சக்கரங்கள் எதிரெதிரே எண்ணெயில் மூழ்கியிருக்கும். எஞ்சின் ஒன்றைச் சுழற்றும், அது எண்ணெயை வீசும், வீச்சில் மற்றது சுழன்று கியர் பாக்ஸைத் திருப்பும். இரண்டையும் இணைப்பது எண்ணெய் மட்டும் என்பதால் இரண்டாவது கொஞ்சம் பின்தங்கும். அந்தப் பின்தங்கலில் போகும் சக்தி முழுவதும் எண்ணெயில் சூடாகிறது, மோர் கடைவதுபோல. பத்து சதவீதம் நழுவினால் 80-இல் 8 கிலோவாட். இரண்டு கிலோவாட் மின்கெண்டி நான்கை கியர் எண்ணெய்க்குள் போட்டுச் சுவிட்சைத் தட்டியதற்குச் சமம். உள்ளே இருப்பது பத்து லிட்டர் எண்ணெய். குளிரவைக்க ஏதும் இல்லாவிட்டால் இரண்டு விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும்.

இதைத் தவிர்க்கத்தான் உள்ளே ஒரு பூட்டு உண்டு. ஓடும் வேகம் நிலைத்ததும் ஒரு கிளட்ச் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்துவிடும். நழுவல் இல்லை, சூடும் இல்லை. ஆனால் மேட்டில் உயர் கியரில் எஞ்சின் திணறும்போது பூட்டு விட்டுவிட்டுப் பிடிக்கும். பழகியவர்கள் மேட்டுக்கு முன்பே ஒரு கியர் இறக்கிவிடுவது இதனால்தான். எஞ்சின் சத்தம் கூடுமே தவிர கியர் பாக்ஸ் குளிர்ந்திருக்கும். பழைய வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது அந்தப் பூட்டைக் கவனியுங்கள். 80–90 வேகத்தில் மிதியை மாற்றாமல் பிடித்திருக்க, எஞ்சின் சுற்று முள் இருநூறு முந்நூறு இறங்கி நிலைக்க வேண்டும். அது இறங்கி ஏறி நடுங்கினாலும், சரளைக்கல்லில் ஓடுவதுபோல வண்டி அதிர்ந்தாலும், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

டேண்டினாங் வண்டியின் கியர் பாக்ஸுக்கு எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி இருந்தது. இப்போது பல வண்டிகளில் அது கிடையாது. மெக்கானிக் அடியில் படுத்து, நிரப்பும் திருகு வழியாகத்தான் எடுக்க வேண்டும். கம்பியை உருவி ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் வைத்தேன். புது எண்ணெய் செர்ரிப்பழச் சிவப்பாக இருக்கும், ஓடிய எண்ணெய் தேன் நிறத்துக்கு வரும். இது கறுத்த காபி. ஓரமாகப் பரவிய பின்பும் நடுவில் ஒரு கறுப்புப் பொடி தங்கிவிட்டது. மைத்துனனிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்து, “அடிபிடிச்ச பால் மாதிரி இருக்கு மாமா” என்றான். அந்தப் பொடிதான் கியர் பாக்ஸுக்குள் உராய்ந்து பிடிக்கும் கிளட்ச் தட்டுகளின் தோல்.

இதைவிட மோசமானதும் உண்டு. பல வண்டிகளில் கியர் எண்ணெய் குளிர்வது ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னக் குழாயில். ஒரு பக்கம் கூலன்ட், மறுபக்கம் எண்ணெய், நடுவே மெல்லிய உலோகச் சுவர். சுவரில் விரிசல் விட்டால் இரண்டும் கலந்து ரோஸ் மில்க் ஆகும். பார்க்க அழகுதான். ஆனால் தட்டுகளில் தோலை ஒட்டிய பசையை அந்தக் கலவை இளக்கிவிடும், அத்தோடு கியர் பாக்ஸ் முடிந்தது. ஆகவே எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

புகை வடிகட்டி உள்ள பிந்தைய டீசல்களுக்குச் சேவைப் பதிவேடு இல்லாமல் கிட்டவே போகவேண்டாம். 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற டொயோட்டாவின் டீசல் ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் வண்டிகளின் வடிகட்டி அமைப்பில் குறை இருந்ததாக ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அந்தக் காலத்து வண்டி என்றால் அந்தக் குறை சரிசெய்யப்பட்டதா என்று கேட்பது வாங்குபவர் உரிமை.

இத்தனை நேரம் நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றியே பேசவில்லை. நெடுஞ்சாலையில் இழுப்பதற்கு அது பெரிதாகத் தேவையும் இல்லை. அது பயன்படுவது மண்பாதையிலும், பாசி பிடித்த படகுச் சரிவிலும், முக்கியமாக வீட்டு வாசல் மேட்டில் கேரவனை ரிவர்ஸ் எடுக்கும்போதும். எல்லாக் கியரையும் இன்னும் தாழ்த்தும் லோ ரேஞ்சில் போட்டால், லேண்ட் குரூசர் 200-இல் எஞ்சின் அதே சக்கர வேகத்துக்கு 2.6 மடங்கு சுற்றும். அங்குலம் அங்குலமாக நகர்ந்தாலும் கன்வெர்ட்டர் அதிகம் நழுவாது.

பல உரிமையாளர்கள் நான்கு சக்கர இயக்கத்துக்கும் லோ ரேஞ்சுக்குமான லீவரைத் தொட்டதே இல்லை. தொடாத லீவர் இறுகும். சோதிப்பதற்கு மண் அல்லது சரளைப் பாதை வேண்டும், தார்ச்சாலை கூடாது. இரு அச்சுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிபரன்ஷியல் நடுவில் இல்லாத வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே சுற்று சுற்றியாக வேண்டும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் பின்னவற்றைவிட அதிக தூரம் போகின்றன. மண்ணில் டயர் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துவிடும். காய்ந்த தாரில் வழுக்காது, முறுக்கு முழுவதும் கியர்களுக்குள் ஏறி நிற்கும். தார்ச்சாலையில் ‘பாருங்கள், ஃபோர் வீல் வேலை செய்கிறது’ என்று வட்டமடித்துக் காட்டுபவர் அந்த வண்டியை எப்படி வைத்திருந்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஏறிய மலையை இறங்கவும் வேண்டும். ஐந்து டன் 500 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் எழுபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். பாதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொண்டாலும் மீதி எஞ்சினுக்கு அல்லது பிரேக் தட்டுக்கு. தாழ்ந்த கியரில் இறங்கியவரின் தட்டு சாம்பல் நிறம், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியவரின் தட்டில் நீலத் திட்டு. சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே டார்ச் அடித்தால் போதும்.

காகித வேலை சுருக்கம். இரண்டு டாலர் கட்டி, பி.பி.எஸ்.ஆர். என்ற அரசுப் பதிவேட்டில் தேடினால் வண்டிமேல் கடன் இருக்கிறதா, விபத்தில் கழித்துக்கட்டப்பட்டதா என்று தெரிந்துவிடும். விக்டோரியாவின் ரோட்வர்த்தி சான்றிதழ் பாதுகாப்பை மட்டும் பார்ப்பது, கியர் பாக்ஸின் ஆயுளுக்கு அது ஜாதகம் அல்ல.

அந்த வண்டியை நாங்கள் எடுக்கவில்லை. வரும் வழியில் மைத்துனன் ரொம்ப நேரம் பேசவில்லை. எந்தக் கேரவன் என்று முடிவு செய்யாமலே வண்டி தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அவனே கடைசியில் சொன்னான்.

போன வாரம் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. முதலில் எதுவும் புரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். டிஷ்யூ பேப்பர், நடுவில் தேன் நிறத்தில் ஒரு சொட்டு, பொடி எதுவும் இல்லை. கீழே, “டாஷ்போர்டிலும் ஓட்டை இல்ல மாமா, தடவிப் பார்த்துட்டேன்” என்று எழுதியிருந்தான். கேரவனின் எடைத் தகட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.