பிரேக் பெடலுக்குக் கீழே ஒரு ரோச் லைற்

பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு பழைய பிக்கப்பை மாங்குளத்தில் இருக்கும் என் கராஜுக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். உரிமையாளர் முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்கிறவர். முதல்நாள் இரவு ஒட்டுசுட்டான் றோட்டில் மாடொன்று குறுக்கே வந்திருக்கிறது. காலை வைத்து அழுத்த, பெடல் பாதியில் நின்றுவிட்டதாம். மாடு தப்பியது. வாகனம் ஓரத்து மண்மேட்டில் ஏறி நின்றது.

"பிரேக் ஓயில் பாத்தனான் தம்பி, குறையேல்லை. மாஸ்டர் போட்டுதோ?" என்று கேட்டார்.

ஒரு மணித்தியாலம் மினக்கெட்டேன். பெடலை அழுத்த பிரேக் ஓயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் நல்லாயிருந்தது, பைப்பில் கசிவில்லை, நாலு சில்லும் பிடித்தது. கடைசியில் சீற்றுக்குக் கீழே கையை விட்டபோது மூன்று பற்றரி போடுகிற நீட்டு ரோச் ஒன்று அகப்பட்டது. அதன் உடம்பில் பெடல் கையின் அகலத்துக்கு ஒரு பள்ளம். டாஷ்போர்ட்டுக்கு மேலே கிடந்தது பள்ளத்தில் குலுங்கி விழுந்து, உருண்டு, சரியாகப் பெடலுக்குக் கீழே போய் நின்றிருக்கிறது.

"ஐயோ, இதுதானோ?" என்றவர் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

வன்னியில் ரோச் இல்லாமல் வாகனம் ஓட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. ஏ9 றோட்டை விட்டு உள்ளே இறங்கினால் பல இடத்தில் றோட்டு விளக்குக் கிடையாது. ரயர் காற்றுப் போய் இறங்குகிற இடத்தில் புடையன் பாம்பு கிடக்கலாம். சில காட்டோரங்களில் கண்ணிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகை இன்னும் நிற்கிறது, அதைப் பார்க்காமல் ஓரத்தில் கால் வைக்கக்கூடாது. போன் வெளிச்சத்தை நம்பலாம் என்கிறவர்களுக்கு ஒன்று: சில்லுக் கழற்றும்போது அதைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும், சார்ஜும் அந்த நேரம் பார்த்துத்தான் இறங்கும். ஆகவே ரோச் இருக்கட்டும். எங்கே, எப்படி இருக்கிறது என்பதில்தான் பிழை.

புது வாகனங்களில் நடுவில் பெட்டி, கதவில் பை என்று ஏதாவது இருக்கும். எங்கள் ஊரில் ஓடுகிற பழைய பிக்கப்புகளில் டாஷ்போர்ட், நீட்டுச் சீற், வெறும் தகடு, அவ்வளவுதான். கையுறைப் பெட்டியின் கொளுவி பெரும்பாலும் உடைந்திருக்கும். ரோச் போய்ச் சேர்கிற இடம் டாஷ்போர்ட்டின் மேல் அல்லது சீற்றின் மேல். மணிக்கு 60 கிலோமீற்றரில் வாகனம் ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 17 மீற்றர் போகும். பெடலுக்குக் கீழே என்ன சிக்கியது என்று காலால் துழாவுகிற நேரத்தில் மாட்டுப்பட்டி முழுவதையும் தாண்டிப் போயிருப்பீர்கள்.

மோதல் இன்னும் மோசம். 50 கிலோமீற்றரில் வந்து ஒரு பாலை மரத்தில் அடித்தால் வாகனம் நிற்கும், கட்டாத ரோச் நிற்காது. அதே வேகத்தில் முன்னால் பறக்கும். பத்து மீற்றர் உயரப் பனையிலிருந்து விழுகிற பொருள் நிலத்தைத் தொடும் வேகம் அது. முன்னால் கண்ணாடி, பக்கத்தில் மனிசி பிள்ளைகளின் தலை.

நானும் இந்த விஷயத்தில் பிழை விட்டவன்தான். தொழில் தொடங்கின காலத்தில் ஒருவர் கேட்டார் என்று டாஷ்போர்ட் பிளாஸ்டிக்கில் இரண்டு தகட்டு ஸ்குரூ அடித்துக் கிளிப் பூட்டிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் கிளிப்பும், ஸ்குரூவும், உள்ளங்கை அளவு டாஷ்போர்ட்டும் ஒன்றாகக் கையில் வந்தன. இருபது முப்பது வருட வெயில் குடித்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. அதில் எதையும் தொங்க விடாதீர்கள். காந்தம் ஒட்டின ரோச்சும் கிரவல் றோட்டில் நகர்ந்து நகர்ந்து இறங்கிவிடும், வாகனத்தைத் திருத்தும்போது பொனற்றில் ஒட்ட மட்டும் அது நல்லது.

இரும்பைத் தேடுங்கள். எனக்குப் பிடித்த இடம் ஓட்டுநர் சீற் இருக்கும் இரும்புப் பெட்டியின் இடது பக்கம், கியர்ப் பக்கமாக. எங்கள் வாகனங்களில் ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் இடது கை தானாக அங்கே போகும். பெல்ற் போட்டபடி, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுப் பாருங்கள். தொடமுடியாவிட்டால் அந்த இடம் சரியில்லை, வாகனம் வாய்க்காலுக்குள் சரிந்து கிடக்கும்போது தேட முடியாது. கியர் எல்லா நிலைக்கும் போகிறதா, குடைப்பிடி மாதிரி இழுக்கிற ஹான்ட்பிரேக் உள்ள வண்டியென்றால் அதில் கை தட்டுப்படுகிறதா என்றும் பார்க்கவேண்டும். முழங்கால் போய் அடிக்கிற இடமும், சீற் பெல்ற் பூட்டின போல்ற்றும் வேண்டாம். அந்தப் போல்ற்றைக் கழற்றி நடுவில் தகடு வைத்துப் பூட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். உயிர் காக்கிற போல்ற்றோடு விளையாடாதீர்கள்.

துளை போட முதல் வாகனப் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்காமல் ட்றில்லைத் தொடவேண்டாம். கபினின் தளத்துக்குக் கீழே பிரேக் பைப், டீசல் பைப், வயர்க்கட்டு எல்லாம் ஓடும். ட்றில் நுனியில் கொஞ்ச நீளம் விட்டு மிச்சத்துக்கு ரேப் சுற்றினால் அது ஆழமாகப் பாயாது. வயல் சேறு ஊறின தகடு என்றால் முதலில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் துருவுக்கு வைத்தியம் முதல், ரோச் பிறகு. துளையின் விளிம்புக்குப் பெயின்ற் பூசவேண்டும். பூட்டுவது போல்ற்றும் நட்டுமாக இருக்கட்டும். பின்பக்கம் அகல வாஷர், உள்ளே நைலோன் வைத்த நட். சாதாரண நட் குளக்கட்டு றோட்டில் ஒரு மாதம் தாங்காது.

பிடிப்புக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ரோச்சின் உடம்பை விட ஒரு நூல் பெரிசான பிவிசி பைப் துண்டை நீளவாக்கில் பிளந்து, உள்ளே பழைய சைக்கிள் ரியூப் ஒட்டினால் ரோச் கடகடக்காது. கடையில் விற்கிற ஸ்பிரிங் கிளிப் இரண்டும் போதும். ஆனால் கிளிப்பின் வாய் வாகனத்தின் பின்பக்கம் பார்க்கவேண்டும். பிரேக் அடித்தால் எல்லாம் முன்னுக்குப் போகப் பார்க்கும், வாய் முன்னால் இருந்தால் கிளிப்பே ரோச்சை எறிந்துவிடும். நுனி முன்னால் பார்த்தபடி நீட்டாக வைப்பதும் கூடாது, அம்பு மாதிரி உருவிக்கொண்டு போகும். குறுக்காக அல்லது நிமிர்த்தி வையுங்கள். அதற்கு மேலால் ரியூப் வெட்டின ஒரு பட்டி, ஒரு கையால் இழுத்துக் கழற்றக்கூடிய மாதிரி.

பூட்டினதும் நான் மீன் நிறுக்கிற தொங்கு தராசைக் கொளுவி முன்பக்கமாக இழுப்பேன். அரைக் கிலோ ரோச்சுக்குப் பத்துக் கிலோ காட்டும்வரை வரக்கூடாது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் சொன்ன மோதலில், வாகனம் அரை மீற்றருக்குள் நின்றால், ரோச் தன் எடையைப்போல் இருபது மடங்கு இழுக்கும். அந்தக் கணக்குத்தான் இந்தப் பத்துக் கிலோ.

முத்தையன்கட்டு அண்ணைக்கும் இப்படித்தான் பூட்டிக் கொடுத்தேன். அடுத்த போகம் முடிந்து ஓயில் மாற்ற வந்தார். கிளிப் ஒரு மயிரிழை அசையவில்லை, பட்டியும் அப்படியே. பெருமையோடு ரோச்சைக் கழற்றிச் சுவிச்சை அமத்தினேன், எரியவில்லை. மூடியைத் திறந்தால் பற்றரி ஊதி, உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. "நீர் பூட்டின நாளிலை இருந்து தேவைப்படேல்லைத் தம்பி" என்றார். மாதத்துக்கு ஒருக்கா எரித்துப் பார்க்கச் சொல்ல மறந்தது நான்தான்.

லிதியம் பற்றரி ரோச் என்றால் பெரும்பாலும் இப்படி ஊறாது, ஆனால் வெயிலில் டாஷ்போர்ட்டின் மேல் விடக்கூடாது. சில்லறையோடு ஒரே பெட்டிக்குள் உதிரிப் பற்றரியைப் போடவும் கூடாது, இரு முனையும் காசில் பட்டால் நெருப்பு. அந்த அண்ணை பழைய மாதிரிப் பற்றரியே போதும் என்றார். இப்போது பற்றரியைக் கழற்றி, பொலித்தீனில் சுற்றி, ரோச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு ரியூப் பட்டியால் கட்டி வைத்திருக்கிறார். இருட்டில் மூன்றையும் எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டேன். வீட்டில் கண்ணைக் கட்டிப் பழகினாராம்.