டர்ன்அவுட்: தமிழில் கவர்பாதை

தோட்டத்திலோ மொட்டைமாடியிலோ மாதிரி ரயில் ஓட்டுபவர்கள் கடைப் பட்டியலைத் திறந்ததும் தடுக்கி விழும் சொல் ‘டர்ன்அவுட்’. ஒரு தடத்தில் வரும் ரயிலை, தூக்கி வைக்காமல், ஓட்டத்திலேயே பக்கத்துத் தடத்துக்குப் பிரித்து அனுப்பும் தண்டவாள அமைப்புதான் அது. நம்மூர் ரயில்வேயில் இதைப் பொதுவாக ‘பாயிண்ட்’ என்பார்கள். அதைக் கவனிக்கிற ஊழியருக்குப் பாயிண்ட்ஸ்மேன் என்றே பெயர். அமெரிக்கர்களுக்கு இது ‘சுவிட்ச்’, ஜெர்மானியர்களுக்கு ‘வைகெ’. பொருள் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு மொழியும் அதன் வேறு வேறு பகுதியைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது.

ஆங்கில ‘டர்ன்அவுட்’ முதலில் இந்த இரும்புச் சாமானைக் குறிக்கவில்லை. ஒற்றைப் பாதையில் எதிரே ஒரு வண்டி வந்தால், விலகி நின்று வழிவிடுவதற்கான பக்கத்தடத்தைக் குறித்தது. பிரதான பாதையிலிருந்து வெளியே திரும்பும் இடம் என்பது பொருள். பிற்பாடு அந்த விலகலைச் செய்து தரும் அமைப்புக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. ‘பாயிண்ட்’ அப்படியல்ல. தடம் பிரியும் இடத்தில் இடமும் வலமுமாக நகரும் இரண்டு தண்டவாளத் துண்டுகள், நுனியில் கத்தி போலச் சீவப்பட்டிருக்கும். அந்தக் கூர்நுனிதான் பாயிண்ட். பிரெஞ்சுக்காரர்கள் அதே நுனியைப் பார்த்து ‘ஊசி’ என்றார்கள். ஜெர்மானியர்கள் ‘நாக்கு’ என்றார்கள். இந்திய ரயில்வேயின் ஆங்கிலக் கையேடுகளிலும் அது ‘டங் ரெயில்’, அதாவது நாக்குத் தண்டவாளம்தான். இது தமிழில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. நாக்கு என்றே சொல்லலாம்.

முழு அமைப்புக்கும் என்ன பெயர்? இங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘திருப்பம்’ என்று எழுதினால் சாலை வளைவு நினைவுக்கு வரும், பிரிவு வராது. ‘சுவிட்ச்’ வேண்டவே வேண்டாம். மோட்டார் வைத்து இயக்கும் தடங்களில் நிஜமான மின் சுவிட்சுகள் பலகையில் வரிசையாக இருக்கும், எதைச் சொல்கிறீர்கள் என்று யாருக்கும் புரியாது. எந்திர மொழிபெயர்ப்பு தரும் ‘புள்ளிகள்’ பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை.

என் தேர்வு கவர்பாதை. ‘கவர்’ என்றால் ஈர்ப்பது, பறிப்பது மட்டுமில்லை, கிளையாகப் பிரிவதும்தான். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்குப் போகும் வழி கொடும்பைக்கு அருகே சிவனின் சூலம் போல மூன்றாகப் பிரிவதைச் சொல்ல வரும் வினை ‘கவர்க்கும்’ என்பதுதான். கவண்கல் விடப் பையன்கள் ஒடிக்கும் கவட்டைக் குச்சியும் இந்தச் சொற்குடும்பத்தை ஒட்டியது. ‘கவலை’ என்ற சொல்லுக்கே பழந்தமிழில் பிரியும் வழி என்றொரு பொருள் உண்டு. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பவனுக்கு இரண்டு பொருளும் பொருந்தும். (காடுகாண் காதையின் சூல வழியைப் போல மூன்றாகப் பிரியும் டர்ன்அவுட்டும் மாதிரி ரயில் உலகில் கிடைக்கிறது. மூக்கவர்பாதை என்று தாராளமாகச் சொல்லலாம்.)

சரி, பெயர் வைத்தாயிற்று. வாங்கும்போது இந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். தோட்ட ரயிலின் அளவுகளைப் பெருமளவு தீர்மானித்தது எல்.ஜி.பி. என்ற ஜெர்மன் தயாரிப்பு. லேமன் நிறுவனம் 1968-இல் நியூரம்பெர்க்கில் அறிமுகப்படுத்தியது, 2007-இல் மெர்க்லின் என்ற இன்னொரு ஜெர்மன் மாதிரி ரயில் நிறுவனத்தின் கைக்குப் போனது. தண்டவாள இடைவெளி 45 மி.மீ., அளவுவீதம் 1:22.5. பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். அதாவது இது மீட்டர்கேஜின் மாதிரி. ஸ்விட்சர்லாந்தின் ரேத்திய ரயில்வேயும் மீட்டர்கேஜ், நம் நீலகிரி மலை ரயிலும் மீட்டர்கேஜ்.

எல்.ஜி.பி. வளைவுகளை ஆர்1, ஆர்3, ஆர்5 என்று குறிப்பார்கள். அந்த ‘ஆர்’ ஆரத்தைக் குறிப்பது. ஆர்1-இன் ஆரம் 600 மி.மீ., ஒரு துண்டு 30 பாகை, பன்னிரண்டு துண்டுகள் சேர்ந்தால் ஒரு வட்டம். ஆர்3 சுமார் 1,195 மி.மீ., பதினாறு துண்டுகள். ஆர்5 சுமார் 2,320 மி.மீ., இருபத்துநான்கு துண்டுகள். பட்டியலில் இருப்பது ஆரம், உங்கள் தோட்டத்துக்கு வேண்டியது விட்டம். ஆர்3 வட்டம் போட 2.4 மீட்டர் இடமும், அதற்கு வெளியே பெட்டிகள் பிதுங்குவதற்கான இடமும் வேண்டும்.

ஆர்1 எவ்வளவு கொடுமையான வளைவு என்பது நிஜ ரயிலோடு ஒப்பிட்டால் தெரியும். ரேத்திய ரயில்வேயின் பெர்னினா தடத்தில் மிக நெருக்கமான வளைவின் ஆரம் 45 மீட்டர். மலையேறும் ரயிலுக்கே அது கடும் வளைவு. 22.5-ஆல் வகுத்தால் மாதிரியில் சரியாக 2 மீட்டர். ஆர்1-ஐ நிஜ அளவுக்குப் பெருக்கினால் வருவதோ 13.5 மீட்டர். தெருமுனையில் டிராம் வண்டி திரும்புகிற கணக்கு அது. பார்வைக்கும் அப்படித்தான் இருக்கும்.

நீளமான பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு போகிகளின் (பெட்டியைத் தாங்கி, அடியில் தனியாகத் திரும்பும் சக்கரத் தொகுதிகளின்) நடுப்புள்ளிகளுக்கு இடையே 400 மி.மீ. என்று வைப்போம். அந்த நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், பெட்டியின் நடுப்பகுதி தடத்தின் மையத்திலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கும் என்று தெரியும். ஆர்1-இல் 33 மி.மீ., ஆர்3-இல் 17 மி.மீ., ஆர்5-இல் 9 மி.மீ.க்குள். ஏறக்குறைய இரண்டு விரற்கடை உள்வாங்கிப் போகும் பெட்டி, பக்கத்தில் நட்ட சிக்னல் கம்பத்தைச் சாய்த்துவிட்டுப் போகும். சிறிய நாலுசக்கர வண்டிகள் மட்டும் ஓட்டுவதென்றால் ஆர்1 போதும். மற்றபடி இடமிருந்தால் ஆர்3-க்குக் கீழே இறங்காதீர்கள் என்பேன்.

கவர்பாதையிலும் இதே எண்கள்தான் வரும். ஆனால் பலர் அங்கே கோட்டை விடுகிறார்கள். சுற்றிலும் ஆர்3 வளைவு போட்டுவிட்டு, விலை குறைவென்று ஆர்1 கவர்பாதையை நடுவில் செருகுவார்கள். கிளைத்தடமும் ஒரு வளைவுதானே? நீள எஞ்சின் அதற்குள் நுழைந்ததும் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும். தடத்தின் தரம் அதன் மிக நெருக்கமான வளைவைப் பொறுத்தது, அது கவர்பாதைக்குள் ஒளிந்திருந்தாலும். அதைவிட மோசம், இணைத்தடங்களை இரண்டு ஆர்1 கவர்பாதைகளால் நேரடியாகக் கோத்துவிடுவது. ஒரு வளைவு இடப்பக்கம் போய் முடிந்த கையோடு அடுத்தது வலப்பக்கம் இழுக்கும். அடுத்தடுத்த பெட்டிகளின் முனைகள் எதிரெதிர்ப் பக்கம் விலகும், இணைப்புக் கொக்கி கழன்றுவிடும். நடுவே ஒரு நேர்த்துண்டு போட இடம் விட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நிஜ ரயில்வே கவர்பாதைகளை ஆரத்தால் அழைப்பதில்லை, விகிதத்தால் அழைக்கிறது. 8.5-க்கு 1, 12-க்கு 1 என்பவை இந்திய ரயில்வேயில் புழங்கும் அளவுகள். 12-க்கு 1 என்றால் 12 அடி போகையில் 1 அடி விலகுவது, தடங்கள் வெட்டிக்கொள்ளும் மூக்கில் கோணம் ஐந்து பாகைகூட இல்லை. சில அமெரிக்கத் தோட்டத் தடங்களும் 6-ஆம் எண் என்று இந்த முறையில்தான் விற்கப்படுகின்றன. எண் பெரிதானால் பிரிவு மெதுவாக இருக்கும், நீளமும் கூடும். அந்த வெட்டும் இடத்தை அமெரிக்கர்கள் ‘ஃபிராக்’ என்கிறார்கள். தவளை என்று மொழிபெயர்க்கிறவர்கள் உண்டு. ஆனால் குதிரைக் குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தைப் பகுதிக்கும் அதுதான் ஆங்கிலப் பெயர், உருவ ஒற்றுமையால் இங்கே வந்ததாகச் சொல்வார்கள். ‘வெட்டுமூக்கு’ போதும்.

வெளியில் கிடக்கும் தடத்தில் தகராறு பெரும்பாலும் நாக்கில்தான். மிளகு அளவு ஜல்லி ஒன்று நாக்குக்கும் அருகிலுள்ள தண்டவாளத்துக்கும் நடுவே சிக்கினால் போதும், நுனி ஒட்டி உட்காராது. எதிரே வரும் சக்கரத்தின் விளிம்பு அந்த இடுக்கில் புகுந்து, முன்போகி ஒரு தடத்திலும் பின்போகி மறுதடத்திலும் போகும். கிளையிலிருந்து பிரதான தடத்துக்கு வரும் ரயிலுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஸ்பிரிங் வைத்த நாக்கைச் சக்கரமே தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே ஒரே திசையில் சுற்றும் ரயிலுக்கு, கவர்பாதையை ரயில் எதிர்முகமாக, அதாவது நாக்கு நுனிப் பக்கமிருந்து, சந்திக்கும் இடங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

அப்புறம், இடது வலது. நாக்கு நுனிப் பக்கம் நின்று பிரிவை நோக்கிப் பாருங்கள். கிளை வலப்பக்கம் போனால் அது வலக் கவர்பாதை. மறுமுனையில் நின்று பார்த்துவிட்டு ஆர்டர் போட்டால் இடக் கவர்பாதைதான் வீடு வந்து சேரும்.